நூற்று நாற்பத்தேழாவது வரி

தூரத்து மலையைக் குடைந்துகொண்டிருக்கும் என்னவருக்கு, வீட்டிலிருந்து எழுதிக்கொள்வது.

நலமா? இருமல் நின்றதா? சுரங்கத்துக்குள் போகும்போது நீங்கள் முகத்தில் துணி கட்டுவதே இல்லையாம், கேட்டால் மூச்சு முட்டுகிறது என்கிறீர்களாம். கிரேன்காரர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். விடுப்பு முடிந்து இன்று மாலை கிளம்புகிறார், நாலு மணிக்குப் பையை வாங்கிக்கொள்ள வருவார். இரண்டு கம்பளிச் சட்டை, முட்டிக்குத் தேய்க்கிற தைலம், டார்ச்சுக்கு பேட்டரி எல்லாம் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். தயவுசெய்து சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். எங்கேயாவது தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பதறாதீர்கள். உங்கள் அப்பா நன்றாக இருக்கிறார். இல்லை, இப்படி எழுதி எழுதித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன். மறுபடி எழுதுகிறேன். மாமா போன வாரம் புதன்கிழமை குளியலறையில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. இடுப்பெலும்பு தப்பித்தது, ஆனால் தோல் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் கேட்டபோது, “எல்லாம் அப்படியேதான் இருக்கு, ஒரு மாற்றமும் இல்ல” என்று சொன்னேன் அல்லவா? அப்போது அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு வாங்கி உங்களோடு பேசினாரே, இடது கையால் பிடித்துக்கொண்டு பேசினார். “எனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்கேன்” என்றார். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கனைக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அந்த முகாம் போனில் உங்களுக்குக் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எப்படி விழுந்தார் என்பதற்கு, நாம் இந்த வீட்டைப் பிடித்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் இரண்டு வீட்டையும் அட்டவணை போட்டு ஒப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் எத்தனை, படி எத்தனை, வெயில் எந்தப் பக்கம் என்று முப்பது வரி. தண்ணீர் என்ற வரியில் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, மேல்மாடிக்காரர் மனசு வைத்து மோட்டார் போட்டால்தான் நம் குழாயில் தண்ணீர் என்று. நீங்கள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “உண்டு, ஆனா கேட்டாத்தான் உண்டு” என்று சொல்லி, அன்றிலிருந்து என்னை டேபிள்காரி என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். புதன்கிழமை மதியம் மேலே மோட்டார் ஓடவில்லை. மாமா மேலே போய்க் கேட்கமாட்டார், அது உங்களுக்கே தெரியும். முன்னறையிலிருந்த வாளியைத் தானே குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கால் வழுக்கிவிட்டது.

அப்போது மணி மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் என்கிறார். நான் வேலை முடிந்து வந்தது ஐந்தரைக்கு. அவ்வளவு நேரமும் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தாராம், எதிர்வீட்டில் டிவி சத்தம். அதற்கப்புறம் கூப்பிடவில்லையாம். “தொண்டைதான் கட்டும்” என்றார்.

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இடுப்பில் அந்தக் கருவி இருந்ததே, அது என்ன ஆச்சு?

இருந்தது. போன விடுப்பில் வந்தபோது கையில் வாங்கிப் பார்த்து, “தீப்பெட்டி சைஸ்ல இருக்கு, இதுவா போன் பண்ணும்?” என்று கேட்டீர்களே, அதே மாதிரிப் பெட்டிதான். வயதானவர்கள் விழுந்தால் தானாகக் கண்டுபிடித்து, நாம் கொடுத்து வைத்த எண்ணுக்குப் போன் போடுகிற பெட்டி. எங்கள் ஆபீஸ் அதை ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறது, ஒன்றுகூடக் கைவிட்டதில்லை. மாமா அதை மருமகள் போட்ட மூக்கணாங்கயிறு என்று சொல்லிச் சிரிப்பார், ஆனால் ஒருநாளும் கழற்றியதில்லை. அன்றைக்கும் கழற்றவில்லை. நான் கதவைத் திறந்து பார்த்தபோது, ஈரத்தில் கிடந்தவருடைய இடுப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இனி எழுதுவதுதான் நான் போனில் சொல்லாதது. கொஞ்சம் என் வேலையைப் பற்றி இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது கையடக்கக் கருவிகளுக்கென்று செய்கிற ஒரு சின்ன பிராசசர். அதைச் செய்கிறவர்கள் பழைய பதிப்பை நிறுத்திவிட்டுப் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அளவு அதே, கால்கள் அதே, பழையது இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உள்ளே என்னென்ன மாறியிருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமே. ஆபீசில் அட்டவணை என்றால் என்னைத்தான் தேடுவார்கள். பழையதன் புத்தகம் ஆயிரத்து நானூறு பக்கம், புதியதன் புத்தகம் அதைவிடத் தடி. பதினோரு வாரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டேன். வேகம் ஒன்றரை மடங்கு கூடியிருக்கிறது, நினைவகம் இரண்டு மடங்கு, தூங்கும்போது பாதி மின்சாரம் போதும், நமக்குத் தேவையில்லாத கேமரா இணைப்பை எடுத்துவிட்டார்கள், இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வரி. வித்தியாசம் இருந்தால் என்ன என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கோடு போட வேண்டும்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. கோடு போட்ட வரிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, எழுதியிருக்கிற வரிகளை மட்டும்தான் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அனுப்புவார்கள். கோட்டை அதற்கப்புறம் ஒரு மனுஷரும் பார்க்கமாட்டார். முன்பெல்லாம் இரண்டாவதாக ஒருவர் எல்லா வரியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பார். அந்த ஆளை வேறு வேலைக்குத் தூக்கிவிட்டார்கள். நான் அட்டவணையை முடித்துக் கொடுத்த அன்று எங்கள் மேலாளர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எதற்கெடுத்தாலும் ஆகட்டும் ஆகட்டும் என்பாரே, நான் அவருக்கு ஆகட்டும் சார் என்று பேர் வைத்தேனே, அவர்தான். “நூத்தி எழுபது கோடு! பாதி வேலை மிச்சம் பண்ணிக் குடுத்துட்டாங்க” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நூற்று நாற்பத்தேழாவது வரி வாட்ச்டாக். பிராசசருக்குள்ளேயே ஓடுகிற ஒரு காவல் கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் சில விநாடிக்கு ஒரு முறை, நான் இருக்கிறேன் என்று அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கேயாவது சிக்கி நின்று தட்ட மறந்தால், அது பெட்டியையே ஒரு முறை அணைத்துத் திரும்ப ஓட்டிவிடும். எட்டு விநாடியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இரண்டு புத்தகத்தின் முகப்பிலும் இருக்கிற பட்டியலில் வாட்ச்டாக் உண்டு, வாட்ச்டாக் உண்டு என்றுதான் போட்டிருந்தது. கோடு போட்டுவிட்டேன். புதிய புத்தகத்தின் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது இதுதான்: பழையதில் மின்சாரம் வந்ததுமே அது தானாக ஓட ஆரம்பிக்கும், புதியதில் புரோகிராம் எழுப்பினால்தான் எழுந்திருக்கும்.

உண்டு, ஆனால் கேட்டால்தான் உண்டு. சிரித்துவிட்டு எனக்குப் பேர் வைத்தீர்களே. வீட்டுக் குழாயில் படித்த பாடத்தை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போகாத மண்டு நான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மாமாவின் பெட்டியை, சோதனைக்கென்று பழையதைக் கழற்றிவிட்டு நான் கட்டிவிட்ட புதிய பெட்டியை, கம்ப்யூட்டரில் மாட்டி அதன் பதிவைப் படித்தேன். புதன்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்கு சிக்னல் தேடப் போன இடத்தில் சிக்கி நின்றிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு பதிவும் இல்லை. நாள் முழுக்க அவர் ஒரு வெறும் டப்பாவைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பச்சை விளக்கு பேட்டரியோடு நேரே சேர்ந்தது, புரோகிராம் செத்தாலும் அது எரியும். எங்கள் ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவளுக்குப் போன் போட்டு, வாட்ச்டாகை ஆன் பண்ணுகிறாயா என்று கேட்டேன். “அது தானா ஓடுமே, அதை எதுக்குடி ஆன் பண்ணணும்? உன் டேபிள்ல ஒண்ணும் வரலையே” என்றாள். தப்பு என்னுடையது, நான் போட்ட கோடு, என்னை வேலையை விட்டுத் துரத்தினாலும் தகும் என்று என்னென்னவோ சொல்லி அழுதேன். மாமா உள்ளறையில் தூங்குகிறார் என்று நினைத்தேன்.

தூங்கவில்லை. மறுநாள் ஆகட்டும் சார் பழப்பையோடு பார்க்க வந்தார். நான் உள்ளே தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மாமா அவரிடம் மளமளவென்று சொல்லி முடித்துவிட்டார். “பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல சார். இடுப்புல உறுத்துச்சு, நான்தான் அமுக்கி அணைச்சிட்டேன். மருமககிட்ட சொன்னா திட்டுவான்னு சொல்லல.” நான் டம்ளரோடு வாசலில் நிற்கிறேன். ஆகட்டும் சாருடைய முகம் அப்படியே மலர்ந்துபோனது. நான்கு வாரமாகச் சோதனை நடக்கிறது, வேலை செய்கிறவர்களின் வீடுகளில் இருக்கிற பெரியவர்கள், மாமாவோடு சேர்த்து நாற்பது பேர், புதிய பெட்டியை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாசக் கடைசியில் நாலாயிரம் பெட்டி வெளியே போக வேண்டும். “ஆகட்டும், ஆகட்டும், பெரியவங்க உண்மையைச் சொன்னதே பெரிய விஷயம்” என்று சொல்லி ஒரு தாளை எடுத்தார். கருவியைப் பயன்படுத்தியவரே அணைத்துவிட்டார் என்று எழுதினார். மாமா இடது கையால் கையெழுத்துப் போட்டார். எறும்பு மையில் விழுந்து ஊர்ந்த மாதிரி இருந்தது அது.

அவர் போன பிறகு, “ஏன் மாமா இப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அணைச்சேன், சொன்னேன். இதுல என்ன இருக்கு?” என்றார். அணைத்திருந்தால் அணைத்ததற்கு ஒரு பதிவு இருக்கும் மாமா என்றேன். “உன் பதிவை நீயே வச்சுக்க” என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. மூன்று கையெழுத்து வேண்டும், மூன்றாவது இடம் எனக்கு. “இன்னும் கையெழுத்தே போடலையா?” என்று ஆகட்டும் சார் இரண்டு முறை எட்டிப் பார்த்துக் கேட்டார். பதிவைப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதற்கு, “அதான் பெரியவரே சொல்லிட்டாரேம்மா, அப்புறம் அதை ஏன் நோண்டிக்கிட்டு” என்றார். அவர் கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். நானும் அலுத்துப்போனவள்தான். உங்களிடம் மறைக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த புரோகிராமில் அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் சேர்க்கும்படி புரோகிராம் எழுதுகிறவளிடமே சொல்லிவிடலாம், எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். அந்தப் புரோகிராம் வர ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமும் அந்த நாற்பது பேர் என்ன செய்வார்கள் என்று யோசிக்காமல் இருக்க முயற்சி செய்தேன்.

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் டீ ஊற்றுகிறவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். அவருடைய அம்மாவும் அந்த நாற்பது பேரில் ஒருவர். “அந்தப் பெட்டி வந்தப்புறம்தாம்மா நான் நிம்மதியா வேலைக்கு வர்றேன். தினம் பச்சை லைட்டு எரியுதான்னு பாத்துட்டுத்தான் கதவைச் சாத்துறேன்” என்றார். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு அரை டம்ளர் ஊற்றினார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மேசைக்குப் போய் அட்டவணையைத் திறந்தேன். நூற்று நாற்பத்தேழாவது வரியில் இருந்த கோட்டை அழித்துவிட்டு, “தானாக ஓடாது, எழுப்ப வேண்டும்” என்று எழுதினேன். மாமாவின் பெட்டியிலிருந்த பதிவையும் சேர்த்து, இந்தக் கோட்டைப் போட்டவள் நான், பெரியவர் கருவியை அணைக்கவில்லை என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

ஆகட்டும் சார் படித்தார். முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஆகட்டும் வரவில்லை. “ஏம்மா, பெரியவரே கையெழுத்துப் போட்டுட்டாரேம்மா” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே நாற்பது வீட்டுக்கும் போன் போனது, பெட்டிகளைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். நாலாயிரமும் நின்றுவிட்டது. திங்கட்கிழமை வரை என்னை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு மேலே இருக்கிறவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும். வேலை இருக்குமா என்று தெரியாது. நான் வெளியே வரும்போது டீ ஊற்றுகிறவர் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மாமாவிடம் சொன்னபோதுதான் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. “என்னைப் பொய்யனாக்கிட்டே இல்ல?” என்று கேட்டார். “இந்த வயசுல ஒருத்தருக்காக ஒண்ணு செஞ்சேன், அதையும் அழிச்சிட்டே.” ஆமாம் மாமா, அழித்துவிட்டேன் என்றேன். நேற்று பகல் முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார், தட்டை எடுத்தால் விட்டார். நானும் அழுத்தக்காரிதான், பேசவில்லை. மேல்மாடிக்குப் போய், இனி தினம் காலையிலும் மதியமும் மோட்டார் போட்டே ஆக வேண்டும் என்று மேல்மாடிக்காரரிடம் ஒரு பாட்டம் சண்டை பிடித்துவிட்டு வந்தேன். யார் மேலாவது கத்த வேண்டும்போல் இருந்தது. பாவம், அவர் பயந்துபோய்ச் சரி சரி என்றார்.

இன்று காலை சட்டை மாற்றும்போது மாமா ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், கூப்பிடலாமா வேண்டாமா என்று. கடைசியில் அவராகவே வந்தார். சட்டை பாதி திறந்து கிடந்தது. ஒரு கையால் போட முயன்று இரண்டாவது பட்டனை மூன்றாவது ஓட்டையில் மாட்டியிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, “பட்டனை மட்டும் போட்டு விடும்மா” என்றார். நான் மருமகளாக வந்து ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. போட்டுவிட்டேன். கடைசிப் பட்டன் போடும்போது, “அன்னைக்கு ரொம்ப பயந்துட்டேன்” என்றார். எத்தனை மணிக்கு நான் வருவேன் என்று எண்ணிக்கொண்டே கிடந்தாராம். எதிர்வீட்டு டிவியில் நிகழ்ச்சி மாறுவதை வைத்து மணி பார்த்தாராம். இதை எட்டு நாளாக அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படி இருக்கீங்க என்றுதான் தினம் கேட்டேன், நல்லா இருக்கேன் என்றுதான் தினம் சொன்னார்.

கிரேன்காரர் வருகிற நேரமாகிவிட்டது. உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரிசையில் உங்கள் முறை வந்ததும், எல்லாரும் நலமா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் பதில் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஈரத் தரையில் என்ன நினைத்துக்கொண்டு கிடந்தீர்கள் என்று கேளுங்கள். பகலில் தனியாக இருக்க பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் சொல்வார். அவர் மருமகளுக்காகச் சொன்ன பொய்யைப் பற்றியும் கேளுங்கள், அதற்கு அவரைத் திட்டாதீர்கள்.

பின்னால் நிற்கிறவர்கள் கனைத்தால் கனைக்கட்டும். பத்து நிமிஷத்தில் மிச்சம் இருந்தால் போனை என்னிடம் தரச் சொல்லுங்கள். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்களுக்கு நான் கோடுதான் போட்டுக்கொண்டிருக்கிறேன். என்னையும் கேளுங்கள்.

தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொண்டு, குடைந்த மலையிலிருந்து முழுசாக வெளியே வந்து சேருங்கள்.

உங்கள்
டேபிள்காரி